ரெகுலரா, கரஸ்ஸா?

1997ல நடந்தது. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி, கணக்குப் பிரிவுக்கு ஆள் வேணும்னு பேப்பர்ல விளம்பரம் கொடுத்திருந்தாங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில அஞ்சு வருஷம் லெட்ஜர் எழுதின தைரியத்துல நானும் போனேன். இன்டர்வியூ பண்ணினவர் பேங்க் ரீகன்சிலியேஷன் கேட்டார், சொன்னேன். தேய்மானம் கேட்டார், சொன்னேன். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலேன்னா முதல்ல எங்க பார்ப்பீங்கன்னு கேட்டார். "நேத்து அவசரமா எழுதின பக்கத்தைப் பார்ப்பேன் சார்"னேன். சிரிச்சார். வேலை கிடைச்ச மாதிரிதான்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் சான்றிதழ் ஃபைலைப் புரட்டிக்கிட்டே கேட்டார்.

"பி.காம். ரெகுலரா, கரஸ்ஸா?"

"கரஸ் சார்."

என் விண்ணப்பத்தோட மூலையில பென்சிலால சின்னதா ஒரு வட்டம் போட்டார். "சரி, தகவல் சொல்றோம்" அப்படின்னார். தகவல் இன்னும் வரல :-)

அவர் மேல எனக்குக் கோபமெல்லாம் இல்லை. ஆனா அந்தக் கேள்வி மட்டும் மனசுல உட்கார்ந்திடுச்சு. எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் அவர் பத்து நிமிஷத்துல சோதிச்சுப் பார்த்துட்டார். அதுக்கப்புறமும் ஏன் அதைக் கேட்கணும்? இந்தக் கேள்வி நம்ம ஊர்ல எப்போ பிறந்ததுன்னு பிற்பாடு தோண்டிப் பார்த்ததுல கிடைச்சதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல் ஆச்சரியம் என்னன்னா, நம்ம ஊருக்குப் பல்கலைக்கழகம்னு ஒண்ணு வந்தப்போ அது பாடமே நடத்தல. 1857ல கல்கத்தா, பம்பாய், சென்னைன்னு மூணு பல்கலைக்கழகங்களை ஆரம்பிச்சாங்க. மூணுக்கும் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அன்னிக்கு லண்டன் பல்கலைக்கழகம் வகுப்பறை வச்சு நடத்தின இடம் இல்லை. வினாத்தாள் தயாரிச்சு, விடைத்தாள் திருத்தி, பட்டம் கொடுக்கிற அமைப்பு. சென்னையும் அப்படியே. பாடம் நடத்தறது இணைப்புக் கல்லூரிகளோட வேலை, பரீட்சை வைக்கிறது பல்கலைக்கழகத்தோட வேலை. அதனால அந்தக் காலத்துல வேலைக்கு எடுக்கிறவர் கேட்ட கேள்வி "பாஸா ஃபெயிலா"ங்கிறதுதான். ஃபெயிலானவருக்கும் மரியாதை இருந்தது. "பி.ஏ. ஃபெயில்"னு பெருமையா சொல்லிக்கிட்டு அதை வச்சே வேலைக்குப் போனவங்க கதை பல வீடுகள்ல இருக்கும். பி.ஏ. வரைக்கும் போய்ப் பார்த்தவர்னு அர்த்தம்.

லண்டன் இன்னொரு அடி மேலே போச்சு. 1858ல கல்லூரிக்கே போகாம, எந்த ஊர்ல இருந்து வேணும்னாலும் படிச்சுட்டு எங்க பரீட்சையை எழுதலாம்னு கதவைத் திறந்து விட்டுச்சு. உலகத்துலயே பழைய தொலைதூரப் பட்டம் அதுதான்னு சொல்லுவாங்க. நம்மவங்களுக்கு இதுல நேரடித் தொடர்பு உண்டு. இலங்கையில 1921ல தொடங்கின கொழும்பு யுனிவர்சிட்டி காலேஜுக்குப் பட்டம் கொடுக்கிற அதிகாரம் கிடையாது. அங்கே படிச்சவங்க லண்டனோட வெளிவாரிப் பரீட்சையைத்தான் எழுதினாங்க. 1942ல இலங்கைப் பல்கலைக்கழகம் வர்ற வரைக்கும் இதுதான் நிலைமை. அந்தத் தலைமுறை ஈழத்து வாத்தியார்களும் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் பேருக்குப் பின்னால "லண்டன்"னு போட்டுக்கிட்டாங்களே, அதெல்லாம் அந்த ஊருக்குப் போகாமலே வாங்கின பட்டம்தான். அதை யாரும் கரஸ்னு சொல்லல.

நம்ம பக்கத்துலயும் ஒருத்தர் இருக்கார். திருப்பத்தூர்ல தாலுகா ஆபீஸ்ல எழுத்தரா வேலை பார்த்த ஒரு இளைஞர், தமிழைத் தனியாப் படிச்சு 1935ல வித்துவான் தேர்வு எழுதினார். மாநிலத்துலயே முதல் இடம். நகராட்சி உயர்நிலைப் பள்ளியில தமிழாசிரியர் வேலை கிடைச்சது. வேலை பார்த்துக்கிட்டே பி.ஓ.எல். முடிச்சார். 1939ல பச்சையப்பன் கல்லூரி அவரை விரிவுரையாளரா எடுத்துக்கிச்சு. அவர்தான் மு.வரதராசன், நம்ம மு.வ. கல்லூரி வாசலை மாணவரா மிதிக்காம ஆசிரியரா மிதிச்சவர். பச்சையப்பன்ல இருந்த யாரோ ஒருத்தர் அவர் விண்ணப்பத்து மூலையில பென்சில் வட்டம் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அடிக்கடி நினைச்சுக்குவேன்.

1971ல மு.வ. மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனார். அதே 1971லதான் மதுரையில அஞ்சல் வழிக் கல்வியும் தொடங்குச்சு. இது தற்செயலா இருக்கலாம். எனக்கு அப்படி நினைக்க மனசு வரல.

சரி, மரியாதையா இருந்த விஷயம் எந்த இடத்துல வழுக்குச்சு?

சுதந்திரத்துக்கப்புறம் கல்லூரிக்கு வர்ற கூட்டம் ஏறிக்கிட்டே போச்சு. கட்டடம் கட்ட, வாத்தியார் போட அரசாங்கத்துக்கிட்ட காசு இல்லை. 1961ல தொடங்கின மூணாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்துல மாலைக் கல்லூரி, அஞ்சல் வழிப் படிப்பு ரெண்டையும் ஒரு வழியா முன்வச்சாங்க. 1962ல டில்லிப் பல்கலைக்கழகம் 900 மாணவர்களோட அஞ்சல் வழி பி.ஏ. தொடங்குச்சு. மதுரைக்கப்புறம் 1979ல அண்ணாமலை, 1981ல சென்னைன்னு தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் வரிசையா இறங்கின. பிறக்கும்போதே இதோட ஜாதகத்துல 'செலவு குறைவு'ன்னு எழுதியாச்சு. இங்கிலாந்துல 1971ல ஓபன் யுனிவர்சிட்டி மாணவர்களைச் சேர்த்தப்போ பி.பி.சி.யையே கூட்டாளியா வச்சுக்கிட்டு, பாடத்தைப் புதுசா எழுதி, ரேடியோவுலயும் டிவியிலயும் நடத்தினாங்க. நமக்கு வந்தது பார்சல்.

அந்தப் பார்சலைப் பத்தி ரெண்டு வரி சொல்லியே ஆகணும். பழுப்புக் காகிதம், சணல் கயிறு. உள்ளே மங்கலான அச்சுல பாடப் புத்தகம். எனக்கு மூணாம் வருஷ காஸ்டிங் புத்தகம் பரீட்சை முடிஞ்சு பதினெட்டு நாள் கழிச்சு வந்தது. தபால்காரர் "என்னங்க, இன்னுமா படிக்கிறீங்க"ன்னு கேட்டுட்டுப் போனார். தொடர்பு வகுப்பு மே மாசத்துல, ஒரு ஆரம்பப் பள்ளியில. பெஞ்சு அஞ்சாங்கிளாஸ் பசங்க உயரத்துக்கு. கண்டக்டர், நர்ஸ், போலீஸ்காரர், கைக்குழந்தையோட வந்த ஒரு அக்கா எல்லாம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து 'கம்பெனிச் சட்டம்' கேட்போம். கேண்டீன் கிடையாது, கலாட்டா கிடையாது. ஆனா வந்தவங்க அத்தனை பேரும் சொந்தச் சம்பளத்துல ஃபீஸ் கட்டினவங்க.

அந்த ஃபீஸ்தான் பிரச்சினையோட வேர்னு எனக்குப் படுது. அஞ்சல் வழிப் பிரிவு பல்கலைக்கழகங்களுக்குப் பணம் காய்ச்சி மரமாச்சு. கட்டடமும் வேண்டாம், வாத்தியாரும் அதிகம் வேண்டாம், ஆளை எத்தனை வேணும்னாலும் சேர்க்கலாம். ரெகுலர்ல சீட்டுக்கு மார்க் பார்த்த அதே பல்கலைக்கழகம் இங்கே யாரையும் திருப்பி அனுப்பல. ஊர் ஊரா ஸ்டடி சென்டர் முளைச்சுது. சில இடங்கள்ல பரீட்சை ஹால் எப்படி இருந்ததுன்னு எழுதினவங்களுக்கே தெரியும். தன் பிள்ளையை வீட்டுக்காரனே ரெண்டாம்பட்சமா நடத்தினா ஊர்க்காரன் எப்படி நடத்துவான்? முதலாளிகள் அங்கேதான் கத்துக்கிட்டாங்க.

தபால்ல படிச்சதுதான் குத்தம்னு சொல்றவங்களுக்கு என்கிட்ட ஒரு பதில் உண்டு: சி.ஏ. 1949ல ஆடிட்டர்களுக்கான இன்ஸ்டிட்யூட் வந்ததுக்கப்புறம், எத்தனையோ வருஷம் சி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் போனதே தபால்லதான். 'போஸ்டல் கோச்சிங்'னு அதுக்குப் பேரே உண்டு. பகல்ல ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்டிகிள்ஷிப், ராத்திரி அந்தப் புத்தகம். இந்த நாட்டுல எந்த முதலாளியாவது ஒரு ஆடிட்டரைப் பார்த்து "நீங்க சி.ஏ. ரெகுலரா கரஸ்ஸா"ன்னு கேட்டிருப்பாரா? ஏ.எம்.ஐ.இ. இன்னொண்ணு. டிப்ளமோ படிச்சுட்டு ஃபேக்டரியில இருந்தவங்க, இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தின பரீட்சையைத் தானாப் படிச்சு எழுதி பி.இ.க்குச் சமமா ஏறி வந்த ஏணி அது. எங்க ஊர்ல ஒரு மின்வாரியக்காரர் பதினோரு வருஷம் எழுதி பாஸ் பண்ணினார். தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தார். அந்த ஏணியையும் பிற்பாடு எடுத்துட்டாங்க. 2013 மே மாசத்துக்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்கு அந்தச் சமநிலை கிடையாது.

ஆக, முதலாளி தபாலைப் பார்த்து முகம் சுளிக்கல. பரீட்சை மேல நம்பிக்கை இருந்தா தபாலை மறந்துடுவார். நம்பிக்கை போயிட்டா, நேர்மையா எழுதினவனையும் அதே வட்டத்துக்குள்ள போட்டுடுவார்.

தனியார் கம்பெனிகள் இப்படி இருந்தப்போ, கரஸ்ஸை மதிச்ச ஒரே பெரிய முதலாளி அரசாங்கம். இளநிலை உதவியாளரா சேர்ந்தவர், எஸ்.எஸ்.எல்.சி.யோட வந்த டைப்பிஸ்ட், செகண்டரி கிரேட் வாத்தியார்னு எல்லாரும் பதவி உயர்வுக்கும் ஊக்க ஊதியத்துக்கும் அஞ்சல் வழியிலதான் படிச்சாங்க. 1995 மார்ச்ல மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டுச்சு: சட்டப்படி அமைஞ்ச பல்கலைக்கழகங்கள் தொலைதூர முறையில கொடுக்கிற பட்டம், தொலைதூரக் கல்விக் குழுவோட ஒப்புதல் இருந்தா, மத்திய அரசு வேலைக்குத் தானாவே செல்லும். அந்தக் குழு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குக் கீழே 1991ல வந்தது. ஒப்புதல் 'இருந்தா'ங்கிற அந்தச் சின்ன வார்த்தையை அன்னிக்கு எத்தனை பேர் கவனிச்சாங்களோ தெரியல.

இதுக்குள்ள இன்னொரு சரக்கும் கடைக்கு வந்திருந்தது. திறந்தநிலை முறை. பத்தாவது, பிளஸ் டூ எதுவும் வேண்டாம், வயசு நிரம்பினா போதும், பி.ஏ. சேரலாம். இன்னும் ஒரு படி மேல போய், டிகிரியே இல்லாம நேரா எம்.ஏ.! தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களே இதை நடத்தின. குடும்பச் சூழ்நிலையில எட்டாவதோட நின்னவங்களுக்கு அது கடவுள் திறந்த கதவு மாதிரி இருந்தது. அதை நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா அது பூட்டுப் போடப் போற கதவுன்னு விளம்பரத்துல யாரும் எழுதல.

பூட்டு 2009ல விழுந்தது. தமிழ்நாடு அரசோட திரைப்படப் பயிற்சி நிறுவனத்துல ஒரு பதவி பத்தின வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஒருத்தர் இளநிலைப் பட்டம் இல்லாம அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல திறந்தநிலை முறையில நேரா எம்.ஏ. வாங்கியிருந்தார். முதல் பட்டம் இல்லாத முதுநிலைப் பட்டம் செல்லாது, யு.ஜி.சி.யோட 1985ஆம் வருஷ விதிகள் தொலைதூரக் கல்விக்கும் பொருந்தும்னு தீர்ப்பு வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 18ஆம் தேதி தமிழக அரசு ஆணை எண் 107 போட்டுச்சு. பத்தாவது, பிளஸ் டூ முடிச்சு அதுக்கப்புறம் வாங்கின திறந்தநிலைப் பட்டம்தான் அரசுப் பணிக்குச் செல்லும். வரிசை மாறினா செல்லாது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா ஒரு அரசு அலுவலகத்துல இருந்தாங்க. அவங்களோட வரிசை மாறியிருந்தது. பி.ஏ. பாடத்தைப் புரிஞ்சு படிச்சவங்க. எனக்கே இந்திய வரலாறு சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆணை வந்த பிறகு நாற்பத்து நாலு வயசுல பிளஸ் டூ தனித்தேர்வு எழுதினாங்க. அப்பவும் வரிசை சரியாகல, ஏன்னா டிகிரி முன்னாடியே வந்துடுச்சே. "தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடி குழந்தை பெத்த மாதிரி பார்க்கறாங்கடா"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. நான் சிரிக்கல.

2017 நவம்பர்ல இதைவிடப் பெரிய இடி. ஒடிசாவுல லிஃப்ட் பாசனக் கழகத்துல டிப்ளமோ என்ஜினியர்கள் தொலைதூர பி.டெக். வச்சுப் பதவி உயர்வு கேட்டதுல இருந்து வந்த வழக்கு. நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதுல ஒண்ணு நம்ம சேலத்துல இருக்கிறது, ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி வாங்காமலே தொலைதூரத்துல என்ஜினியரிங் பட்டம் கொடுத்திருக்குன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2001ல இருந்து 2005 வரைக்கும் சேர்ந்தவங்க பட்டம் நிறுத்தி வைப்பு, ஏ.ஐ.சி.டி.இ. வைக்கிற பரீட்சையில பாஸானா திரும்பக் கிடைக்கும். அதுக்கப்புறம் சேர்ந்தவங்க பட்டம் ரத்து. 2018 ஜூன்ல அந்தப் பரீட்சை நடந்தது. படிச்சு முடிச்சுப் பத்து வருஷமாகி, தலை நரைச்சு, பிள்ளைங்களை என்ஜினியரிங் சேர்க்கிற வயசுல இருந்தவங்க மறுபடி ஹால் டிக்கெட்டோட போய் உட்கார்ந்தாங்க. சட்டப்படி பார்த்தா தீர்ப்பு சரிதான். லேப் இல்லாம என்ஜினியர் ஆக முடியாதுங்கிறதையும் நான் ஒத்துக்கறேன். ஆனா விலாசம் போட்டுக் கடை நடத்தினவனை விட்டுட்டு சரக்கு வாங்கினவனை வெயில்ல நிறுத்தின கதையாத்தான் எனக்குத் தோணுது.

தனியார் பக்கம் கதை வேற. மென்பொருள் கம்பெனிகள் கூட்டமா ஆள் எடுக்க ஆரம்பிச்சப்போ, ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்குல விண்ணப்பம். எல்லாத்தையும் யார் படிக்கிறது? "பத்தாவதுல இருந்து 60 சதவீதம், முழுநேரப் படிப்பு மட்டும்"னு ஒரு சல்லடை. சல்லடைக்குத் தங்கமும் தெரியாது தவிடும் தெரியாது, ஓட்டையோட அளவு மட்டும்தான் தெரியும். இதுல வேடிக்கை, அதே துறையில விப்ரோ மாதிரி கம்பெனிகள் பி.எஸ்சி. பசங்களை எடுத்து, வேலை பார்த்துக்கிட்டே பிட்ஸ் பிலானியோட எம்.எஸ். படிக்க வச்சாங்க. பிலானிக்குப் போய்த் தங்காமலே வாங்கின பட்டம்தான். ஆனா பரீட்சையும் பாடமும் கம்பெனிக்குத் தெரிஞ்ச கையில இருந்தது. சி.ஏ. கதையேதான்.

2020 மார்ச்ல கொரோனா வந்து கல்லூரிகளை மூடினப்போ, ரெகுலர் மாணவர்கள் எல்லாரும் வீட்டுல உட்கார்ந்து செல்போன்ல பாடம் கேட்டாங்க. வீட்டுல இருந்தே பரீட்சை எழுதி விடைத்தாளைப் போட்டோ பிடிச்சு அனுப்பினாங்க. எங்களுக்காவது பரீட்சைக்கு ஹாலுக்குப் போய் உட்காரணும்! அந்த பேட்ச்சை யாரும் கரஸ்னு சொல்லல, சொல்லவும் வேண்டாம். 2022 செப்டம்பர்ல யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற இடங்கள்ல வாங்கின தொலைதூர, ஆன்லைன் பட்டம் எல்லாம் ரெகுலருக்குச் சமம்னு அறிவிச்சிருக்கு. இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்காங்க. ஒரே விஷயத்தை இத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்குன்னா என்ன அர்த்தம்னு நீங்களே பார்த்துக்குங்க.

கடைசியா ஒண்ணு. இதை எழுதணும்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டதுக்கு அதுதான் காரணம்.

2008. அப்போ நான் வேற ஒரு கம்பெனியில கணக்குப் பிரிவுல ஓரளவு மேல வந்திருந்தேன். உதவியாளர் ஒருத்தர் எடுக்கணும். 140 விண்ணப்பம் வந்திருந்தது. மேனேஜர் கட்டை என் டேபிள்ல வச்சு, "கரஸ் எல்லாம் தனியா எடுத்து வச்சிடுங்க. ரெகுலர்ல இருந்து பத்து பேரைக் கூப்பிடுவோம்"னார். நானும் எடுத்து வச்சேன். 53 பேர். அதுல ஒரு பையன், பல்லடத்துக்காரன், விசைத்தறிப் பட்டறையில கணக்கு எழுதறான். விண்ணப்பத்தைக் கையால எழுதியிருந்தான், கையெழுத்து லெட்ஜர் கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அந்தக் காகிதத்தை மட்டும் ரெண்டு தடவை கையில எடுத்தேன். ரெண்டு தடவையும் அதே கட்டுல திருப்பி வச்சேன். ஏன் கூப்பிட்டீங்கன்னு மேனேஜர் கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். என் பட்டத்துல அஞ்சல் வழின்னு எங்கேயும் போட்டிருக்காது. மார்க் ஷீட்டோட பதிவு எண்ணைப் பார்த்தாதான் தெரியும். அந்த ஆபீஸ்ல அதுவரைக்கும் யாரும் அதைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது மேனேஜர் பேச்சுவாக்குல கேட்டார், "நீங்க எங்கே சார் டிகிரி பண்ணினீங்க?"

பல்கலைக்கழகத்தோட பேரைச் சொன்னேன். "நல்ல யுனிவர்சிட்டியாச்சே"ன்னார். நான் டீயைக் குடிச்சு முடிச்சேன்.